உரிமம் வேறு, உரிமை வேறு

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், சண்டிகர் விமானத் தளத்தில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடை கொடுத்தனுப்பினார்கள். 1963இல் நம் விமானப் படையில் சேர்ந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்திய வானத்தைக் காத்துநின்ற விமானம் அது. அதன் ஓய்வோடு நம்மிடம் எஞ்சியவை 29 போர் விமானப் பிரிவுகள். இருந்தாக வேண்டும் என்று அரசினரே ஒப்புக்கொண்ட எண்ணிக்கையோ 42. பதின்மூன்று பிரிவுகள் ஏட்டில் இருக்கின்றன, வானத்தில் இல்லை.

விடைகொடு விழாவுக்கு முந்தைய நாள்தான், 97 தேஜஸ் விமானங்கள் வாங்க 62,370 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ‘முற்றிலும் நம் நாட்டு விமானம்’ என்று மேடைகள் முழங்கின. மகிழ்ச்சி! நம் பொறியாளர் வடிவமைத்து, நம் தொழிலாளர் பூட்டிப் பறக்கவிடும் விமானம் என்பதில் நமக்கும் பெருமைதான். ஆயினும் அந்தப் பெருமையோடு ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். அந்த விமானத்தின் நெஞ்சிலே துடிக்கும் எந்திரம் எங்கே பிறந்தது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலே, லின் என்ற ஊரிலே! ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற முதலாளி நிறுவனத்தின் தொழிற்சாலையிலே! 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் 83 தேஜஸ் விமானங்களுக்கு ஆணை தரப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், 99 எந்திரங்களுக்கு 71 கோடியே 60 இலட்சம் டாலருக்கு அந்நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யப்பட்டது. விமானங்கள் 2024இன் தொடக்கத்திலிருந்து வரத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த 99இல் முதல் எந்திரமே 2025 மார்ச்சில்தான் வந்தது. உடலைச் செய்து வைத்துவிட்டு உயிருக்குக் காத்திருந்தோம். எல்லையிலே நிற்கும் வீரனின் பாதுகாப்பு, எங்கோ ஒரு நாட்டின் பட்டறையில் வரிசைக்குக் காத்துக்கிடந்தது.

இரு கூட்டத்தார்

இந்தச் சிக்கலைப் பற்றிப் பேசுவோர் இரு கூட்டத்தார். ‘உலகச் சந்தையில் நல்ல சரக்கு கிடைக்கும்போது நாமே செய்து ஏன் நாளையும் பணத்தையும் பாழாக்குவது? பணத்தை நீட்டு, படைக்கலனை வாங்கு!’ என்பர் ஒரு கூட்டத்தார். ‘எல்லாவற்றையும் இங்கேயே செய்கிறோம், தற்சார்பு வந்துவிட்டது!’ என்று தாரை ஊதுவர் மற்றொரு கூட்டத்தார்.

முன்னவர்க்கு வரலாறு விடை கூறும். அதைப் பின்னே காண்போம். பின்னவர்க்குக் கணக்கே விடை கூறும். உலகின் ஆயுத வாணிபத்தைக் கணக்கிட்டுவரும் ஸ்டாக்ஹோம் அமைதி ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, 2020 முதல் 2024 வரையான ஐந்தாண்டில் உலகில் நாடுகள் இறக்குமதி செய்த பெரும் படைக்கலன்களில் 8.3 விழுக்காடு இந்தியாவுக்கு வந்தது. போரில் எரிந்துகொண்டிருந்த உக்ரைனுக்கு அடுத்த இடம் நமக்கு. அதில் 36 விழுக்காடு ரஷ்யாவிலிருந்தும், 33 விழுக்காடு பிரான்சிலிருந்தும் வந்தது. ரஷ்யாவின் பங்கு முன்னைவிடக் குறைந்திருப்பது உண்மை. ஆனால் ஒரு கடையை விட்டு மற்றொரு கடைக்குப் போவதற்குப் பெயர் தற்சார்பு ஆகுமா?

வாடகை வீடு

‘வாங்குவதோடு நிற்கவில்லையே! உரிமம் பெற்று இங்கேயே செய்தும் வந்திருக்கிறோமே!’ என்று கேட்பீர்கள். உண்மைதான். 1962இல் சோவியத் நாட்டோடு உடன்பாடு கண்டு, மிக்-21 விமானத்தை நாசிக்கிலும், அதன் எந்திரத்தை ஒடிசாவின் கோராபுட்டிலும் செய்தோம். அறுநூற்றுக்கும் மேற்பட்ட மிக்-21 விமானங்கள் நம் தொழிலாளர் கையால் உருவாயின. ஆண்டுதோறும் விமானம் வெளிவந்தது. ஆயிரக்கணக்கானோர் கைத்திறன் பெற்றனர். இது சிறு செயலன்று.

ஆனால் உரிமம் பெற்றுச் செய்யும் தொழில், வாடகை வீட்டில் குடியிருப்பது போன்றது. பெருக்கலாம், மெழுகலாம், வெள்ளையடிக்கலாம்; சுவரை இடித்துச் சன்னல் வைக்க முடியாது. இந்த உலோகத்தை இந்த அளவில் இந்த வெப்பத்தில் வார்க்கவேண்டும் என்று ஏடு சொல்லும். ஏன் அந்த உலோகம், ஏன் அந்த அளவு என்பதை ஏடு சொல்லாது. ‘எப்படி’ என்பதை விற்பார்கள். ‘ஏன்’ என்பதை விற்கமாட்டார்கள். ‘ஏன்’ தெரியாதவன் அடுத்த தலைமுறை விமானம் தேவைப்படும்போது மீண்டும் அதே வாசலில் போய் நிற்பான். அறுநூறு விமானம் செய்த கை, அறுநூற்றோராவது விமானத்தின் எந்திரத்துக்கு அயலாரிடம் ஏந்திநிற்கும் விந்தை இதனால்தான் நேர்ந்தது.

2024 செப்டம்பரில் சுகோய்-30 விமானங்களுக்காக 240 எந்திரங்கள் செய்ய, 26,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஆணை அரசுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் ஏரோநாட்டிக்சுக்குத் தரப்பட்டது. கோராபுட்டில் நம் தொழிலாளர் செய்வார்கள். வேலை நம்முடையது, வரவேற்போம். வடிவமைப்போ ரஷ்யாவினுடையது. அது உரிமம். உரிமை அன்று.

மாருதத்தின் கதை

நம் நாடு ‘ஏன்’ என்று கேட்கத் துணிந்த காலமும் ஒன்று இருந்தது. 1956இல், குர்ட் டாங்க் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளரைப் பெங்களூருக்கு வரவழைத்து, நம் இளம் பொறியாளர்களை அவரோடு சேர்த்து, சொந்தமாக ஒரு போர் விமானத்தை வடிவமைக்க முனைந்தார்கள். மாருதம் என்று பெயரிடப்பட்ட அந்த விமானம் 1961 ஜூனில் வானேறிற்று. விடுதலை பெற்றுப் பதினான்கே ஆண்டுகள் ஆன ஏழை நாட்டின் சாதனை அது!

ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் செல்லவேண்டும் என்று கருதியே அதன் உடல் செதுக்கப்பட்டது. அதற்கேற்ற வலிய எந்திரம் ஒன்றைப் பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்தது. மேலை நாட்டுக் கூட்டணிக்கு அந்த எந்திரம் வேண்டாம் என்றானதும், வேலை நின்றுபோயிற்று. எஞ்சிய செலவை இந்தியா ஏற்றால் முடித்துத் தருகிறோம் என்றார்கள். நாம் ஏற்கவில்லை. பிறகு சோவியத் கதவைத் தட்டினோம். எகிப்தில் உருவாகிக்கொண்டிருந்த எந்திரத்தைப் பொருத்திப் பார்த்தோம். ஒன்றும் கைகூடவில்லை. பெரிய எந்திரத்துக்காகச் செய்த உடலில் சிறிய எந்திரத்தையே பூட்டிப் பறக்கவிட்டார்கள். எருமை பூட்டிய தேர்போல ஆயிற்று அதன் நிலை.

அப்படியும் 1971 போரில் இராஜஸ்தான் பாலைக்களத்தில் அது நன்றாகவே பணியாற்றியது. ஆனால் வேகம் குறைந்த விமானம் என்ற பழி நீங்கவில்லை. 147 விமானங்களோடு உற்பத்தி நின்றது. குர்ட் டாங்கின் அருகிலிருந்து கற்ற கூட்டம் கலைந்தது. நம் சொந்த வடிவமைப்பில் அடுத்த போர் விமானமாகிய தேஜஸ் வானேறியது 2001ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள். இடையே நாற்பது ஆண்டுகள்! தந்தை கற்றதை மகனுக்குச் சொல்லும் வாய்ப்பு இல்லாமற்போனது. பேரன் ‘அ’னாவிலிருந்து தொடங்கினான்.

தடை கற்பித்த பாடம்

இனி, ‘பணத்தை நீட்டு, வாங்கு’ என்னும் கூட்டத்தார்க்கு வரலாறு கூறும் விடையைக் காண்போம். 1965இல் பாகிஸ்தானோடு போர் மூண்டபோது, அமெரிக்காவும் பிரிட்டனும் இரு நாடுகளுக்கும் ஆயுதம் அனுப்புவதை நிறுத்தின. தாக்கியவன் யார், தாக்கப்பட்டவன் யார் என்ற கேள்வியே எழவில்லை. போர்க்களத்தில் நிற்பவனுக்கு உதிரிப்பாகம் நின்றால், கையிலுள்ள துப்பாக்கி வெறும் இரும்பாகிவிடும்.

1998 மே மாதத்தில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அச்சோதனை சரியா, தவறா என்ற வாதம் இங்கே வேண்டாம். உடனே அமெரிக்கா தடைவிதித்தது. தேஜஸ் விமானத்தின் பறப்பைக் கட்டுப்படுத்தும் கணிப்பொறி முறையை அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து சோதித்துக்கொண்டிருந்த நம் விஞ்ஞானிகள், அந்நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்கள் திரும்பி வந்து, பெங்களூரில் அமர்ந்து, தாமே அந்த முறையைச் செம்மைப்படுத்தினார்கள். மூன்றாண்டுக்குள் விமானம் பறந்தது; இன்றும் தேஜசின் சிறப்புகளுள் ஒன்று அந்தக் கட்டுப்பாட்டு முறைதான். மூளை நம்முடையதாக இருந்த இடத்தில் தடை தோற்றது. எந்திரம் அயலாருடையதாக இருந்த இடத்தில், தடையே இல்லாத காலத்திலும் நாம் காத்துக்கிடந்தோம்.

காவிரி வற்றியது ஏன்?

‘அந்த எந்திரத்தையும் செய்ய முயன்றோமே’ என்பீர்கள். ஆம், முயன்றோம். 1989இல் 382 கோடியே 81 இலட்சம் ரூபாய் ஒதுக்கி, தேஜசுக்கென ஓர் எந்திரம் உருவாக்கும் பணி பெங்களூரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. காவிரி என்று பெயரும் சூட்டினார்கள். இருபதாண்டு உழைத்தபின், எடை கூடியது, வலிமை குறைந்தது என்று 2008இல் அதனைத் தேஜசிலிருந்து பிரித்துவிட்டார்கள்.

ஏன் இந்தத் தோல்வி? போர் விமான எந்திரம் என்பது மோட்டார் வண்டியின் எந்திரம் போன்றதன்று. அதனுள்ளே சுழலும் தகடுகளின்மேல் பாயும் காற்றின் வெப்பம், அந்தத் தகடு செய்யப்பட்ட உலோகமே உருகிவிடும் வெப்பத்தைவிட மிகுதி. உருகாமல் நிற்கவேண்டுமானால், தகட்டை ஒரே படிகமாக வார்க்கவேண்டும். தகட்டின் உள்ளே மயிரிழைபோன்ற துளைகளில் குளிர்ந்த காற்றைச் செலுத்தவேண்டும். இந்தக் கலையை முற்றும் அறிந்த நாடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அறிந்த எவரும் அதனை விற்பதில்லை; ஐம்பது, அறுபது ஆண்டுகள் உடைத்தும் எரித்தும் கற்றது அது.

உடைத்தும் எரித்தும் கற்க வேண்டிய கலைக்கு நாம் தந்த வசதி என்ன? உயர வானின் நிலையில் எந்திரத்தைச் சோதிக்கும் கூடம் நம்மிடம் இல்லை. பறக்கும் விமானத்தில் பொருத்திச் சோதிக்கவும் வழியில்லை. காவிரியைக் கப்பலேற்றி ரஷ்யாவுக்கு அனுப்பி, மாஸ்கோவுக்கு அருகே அவர்களுடைய விமானத்தில் பொருத்திச் சோதித்தோம். உலையே இல்லாத கொல்லனிடம் வாள் ஏன் வரவில்லை என்று கேட்பது போன்றது நம் கோபம்.

செலவையும் பாருங்கள். காவிரிக்காக அத்தனை ஆண்டும் செலவிட்டது ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய். சுகோய்க்கான 240 எந்திரங்களுக்கு ஒரே கையெழுத்தில் தந்தது 26,000 கோடி. ரூபாயின் மதிப்பு இடையே குறைந்திருப்பதைக் கணக்கில் கொண்டாலும், ஒப்பீட்டின் பாடம் மாறாது. கற்பதற்குக் கருமித்தனம், வாங்குவதற்கு வள்ளல்தனம்!

தண்டிக்கப்பட்ட தொழிலறிவு

கற்காமல் விட்டது ஒரு குற்றம். கற்றதைக் கொன்றது அதனினும் பெரிய குற்றம். இரண்டு சான்றுகள் போதும்.

1981இல் ஜெர்மனியோடு நான்கு நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் செய்தோம். இரண்டு அங்கே, இரண்டு பம்பாய் மசகான் கப்பல் தளத்திலே. நம் தொழிலாளர் ஜெர்மனிக்குச் சென்று, நீரின் அழுத்தம் தாங்கும் எஃகை ஒட்டும் நுணுக்கத்தைக் கற்றுவந்தார்கள். 1992இலும் 1994இலும் நம் தளத்தில் கட்டிய இரு கப்பல்கள் கடற்படையில் சேர்ந்தன. இதற்கிடையே கையூட்டுப் புகார் எழுந்தது. மேலும் கட்டுவதாக இருந்த கப்பல்கள் கைவிடப்பட்டன. அரும்பாடுபட்டுக் கற்ற தொழிலாளர், செய்ய வேலையின்றிச் சிதறினர். அடுத்த நீர்மூழ்கி அத்தளத்திலிருந்து கடற்படைக்கு வந்தது 2017இல், பிரெஞ்சு வடிவமைப்பில். இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் பாலபாடம். அதற்கு மீண்டும் பள்ளிக்கட்டணம்!

மற்றொன்று, ஊரறிந்த போபர்ஸ் பீரங்கி. 1986இல் 1,437 கோடி ரூபாய்க்கு 410 பீரங்கிகள். அவற்றை இங்கே செய்வதற்கான வரைபடங்களும் வந்துசேர்ந்தன. 1987இல் ஊழல் புகார் வெடித்தது. அரசாங்கமே மாறிற்று. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. வரைபடங்களோ நம் படைக்கலத் தொழிற்சாலைகளின் பெட்டியில் உறங்கின. 1999 கார்கில் போரில் மலைமுகட்டை நொறுக்கியது அதே பீரங்கிதான். அதற்குப் பிறகும் பெட்டி உடனே திறக்கவில்லை. அந்த வரைபடங்களை அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூரில் செய்த தனுஷ் பீரங்கிகள் படைக்கு வழங்கப்பட்டது 2019 ஏப்ரலில்!

கையூட்டுப் புகார் எழுந்தால் விசாரிக்கட்டும். குற்றம் செய்தவர் எவராயினும் சிறைக்குப் போகட்டும். இங்கே நடந்தது வேறு. போபர்ஸ் வழக்கில் இறுதியாகத் தண்டனை பெற்றவர் எவருமில்லை. தண்டனை பெற்றது தொழிலறிவு ஒன்றே.

கடற்படை காட்டிய வழி

எல்லாம் இருளே என்று சொல்லவில்லை. ஒளி இருக்கும் இடத்தையும் காட்டவேண்டும். நம் கடற்படை, 1960களிலேயே தனக்கென ஒரு வடிவமைப்பு அலுவலகத்தை அமைத்துக்கொண்டது. முதலில் பிரிட்டனின் வரைபடத்தைக் கொண்டு நீலகிரி என்ற போர்க்கப்பலைக் கட்டி, 1972இல் சேர்த்துக்கொண்டது. அதைக் கட்டிக்கொண்டே ‘ஏன்’ என்று கேட்டது. 1983இல் கோதாவரி, நம் சொந்த வடிவமைப்பு. 2022இல் கொச்சியில் கட்டிய விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல்!

விக்ராந்துக்கு வேண்டிய எஃகை ரஷ்யாவிலிருந்து பெறுவதாகவே முதலில் எண்ணம். அது வாய்க்காதபோது, ஐதராபாத்தின் உலோக ஆராய்ச்சி நிலையமும் பொதுத்துறை எஃகு ஆலைகளும் சேர்ந்து அந்த எஃகை இங்கேயே உருவாக்கின. 30,000 டன் எஃகு நம் உலையில் காய்ச்சியது. அந்தக் கப்பலை ஓட்டும் எந்திரங்கள் இன்னும் அமெரிக்க வடிவமைப்புத்தான், மறைக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு கப்பல் முடியுமுன் அடுத்த கப்பல் தளத்தில் ஏறியது. ஒரு தலைமுறை ஓய்வுபெறுமுன் அடுத்த தலைமுறை அருகில் அமர்ந்தது. வெற்றியின் மறைபொருள் இதுவே. விட்டுவிட்டுப் பெய்யும் மழையில் வேர் பிடிக்காது.

ஆவடியைப் பாருங்கள்

நம் வாசலிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆவடியிலுள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய வேலை அது. அதன்பின் ரஷ்ய டாங்கிகள். 1974இல் நம் சொந்த டாங்கியாகிய அர்ஜுனுக்கு ஒப்புதல் கிடைத்தது. 124 அர்ஜுன் டாங்கிகளுக்கு ஆணை வந்தது 2000இல். அடுத்த ஆணை, 118 டாங்கிகளுக்கு, 2021இல்! இருபத்தோராண்டுக்கு இரண்டே ஆணைகள் என்றால், எந்தத் தொழிலாளியின் கை பழகும்? உதிரிப்பாகம் செய்யும் எந்தச் சிறுதொழிலகம் பிழைக்கும்? அந்த டாங்கியை இழுப்பதும் ஜெர்மன் எந்திரமே. மைசூரில் 1,500 குதிரைத்திறன் எந்திரம் ஒன்று 2024 மார்ச்சில் முதன்முறை சோதித்து ஓட்டப்பட்டிருக்கிறது. காவிரிக்கு நேர்ந்த கதி அதற்கு நேரக்கூடாது.

2021 அக்டோபரில், நாடெங்கிலுமுள்ள 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். ஆவடி, அருவங்காடு, திருச்சி என்று நம் மாநிலத்திலும் ஆறு தொழிற்சாலைகள் இதில் அடங்கும். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அவ்வாண்டே வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. பெயர்ப்பலகையை மாற்றினால் திறமை பெருகும் என்றார்கள். ஆலைக்கு வேண்டியது புதிய பலகையன்று. பத்தாண்டுக்குத் தெளிவான ஆணையும், பக்கத்திலேயே வடிவமைப்புக் கூடமுமே.

நாம் கேட்பது

வெளிநாட்டிலிருந்து ஒன்றையும் வாங்காதே என்று நாம் சொல்லவில்லை. எல்லையில் நிற்பவனிடம், ‘நாங்கள் கற்று முடிக்கும்வரை பொறுத்திரு’ என்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. இன்றைய தேவைக்கு வாங்கத்தான் வேண்டும். வெட்கமின்றி வாங்குவோம், ஆனால் கணக்கோடு வாங்குவோம்.

முதலாவதாக, பெரிய ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் எந்த அறிவு நம் கைக்கு வருகிறது, வரைபடத்தை மாற்றும் உரிமை உண்டா, இல்லையா என்பதை நாடாளுமன்றத்தின்முன் வைக்கட்டும். பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து புதிய போர் விமானத்துக்கு எந்திரம் உருவாக்கப்போவதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். அங்கே கேட்கவேண்டிய முதற் கேள்வி விலையைப் பற்றியதன்று. அந்தச் சுழலும் தகட்டின் ‘ஏன்’ யாருடையது என்பதே.

இரண்டாவதாக, உயர வானின் நிலையில் எந்திரத்தைச் சோதிக்கும் கூடமும், பறக்கும் சோதனை விமானமும் இந்நாட்டிலேயே அமையட்டும். மூன்றாவதாக, பழகிய உற்பத்தி வரிசை எதுவும் அடுத்த ஆணையின்றி அறுபடக்கூடாது. நான்காவதாக, ஊழலை விசாரிக்கும் வேலை நீதிமன்றத்தில் நடக்கட்டும். பட்டறையில் உலை அணையவேண்டாம்.

தோழர்களே! இவற்றால் நாளையே பயன் கிட்டாது. இன்று ஊன்றும் விதை பதினைந்து, இருபது ஆண்டு கழித்தே காய்க்கும். அதற்குள் நான்கு தேர்தல்கள் வந்துபோகும். நாடா வெட்டும் ஆட்சியாளருக்கு இதில் ஆதாயமில்லை; ஆகவேதான் மாறிமாறி வந்த ஆட்சிகள் இதனைத் தள்ளிப்போட்டன. தள்ளிப்போட்டதன் வட்டியைத்தான் 42க்கும் 29க்கும் இடைப்பட்ட அந்தப் பதின்மூன்றில் இன்று கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தமுறை ‘நம் நாட்டிலேயே செய்தது’ என்று மேடையில் முழங்கக் கேட்டால், கைதட்டுங்கள். தட்டிவிட்டுக் கேளுங்கள்: ‘இதை மாற்றியமைக்க நமக்கு யாருடைய அனுமதி வேண்டும்?’ எவருடைய அனுமதியும் வேண்டாம் என்று நெஞ்சுயர்த்திச் சொல்லும் நாளில்தான், உரிமம் உரிமையாகும்.